தையல் அறைக்கு வாட் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தையலுக்கென ஓர் அறையை ஒதுக்கி அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மேசையின் உயரம், நாற்காலி, நூல்கண்டு அடுக்கும் தட்டு என்று ஒவ்வொன்றையும் விரிவாக எழுதியவர், வெளிச்சத்தைப் பற்றி மட்டும் கூடுதல் வாட் உள்ள எல்இடி விளக்கைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். பல ஆண்டுகளாக வீட்டில் துணி தைத்தும், ஒட்டுத்துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வைகள் செய்தும் வருகிறேன். அந்த ஒரு வரியை நம்பி நானும் ஒரு காலத்தில் விளக்கு வாங்கியவள் என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

ஒருநாள் இரவு, கறுப்புச் சதுரங்களையும் வெள்ளைச் சதுரங்களையும் மாற்றி மாற்றி இணைத்து ஒரு போர்வையின் மேற்பகுதியை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் ஜன்னலருகே விரித்துப் பார்த்தபோது, கறுப்பென்று நினைத்துத் தைத்தவற்றில் நான்கு சதுரங்கள் கருநீலம். அந்த நான்கையும் ரிப்பரால் தையல் தையலாகப் பிரித்தெடுக்க அரைநாள் போயிற்று. அறையில் வெளிச்சம் குறைவாக இருந்ததா என்றால், இல்லை. மேலே புதிதாக மாட்டிய விளக்கு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தது. ஆனால் அது 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு. அவ்வகை ஒளியில் நீலத்தின் பங்கு மிகக் குறைவு என்பதால், கருநீலத் துணி திருப்பி அனுப்ப வேண்டிய நீலம் விளக்கிலேயே போதிய அளவில் இருப்பதில்லை. அதனால் அது கறுப்பாகவே கண்ணுக்குப் படுகிறது.

விளக்கின் பெட்டியில் வாட் என்று அச்சிட்டிருப்பது அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைத்தான் சொல்லும். அது தரும் ஒளியின் அளவை லூமென் சொல்லும். ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் சொல்லும். இவை தவிர, தைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இன்னோர் எண் இருக்கிறது. சிஆர்ஐ எனப்படும் அந்த எண், ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எந்த அளவுக்கு இயல்பாகத் தெரிகின்றன என்பதை 100 என்ற உச்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. வீடுகளுக்கு விற்கப்படும் சாதாரண எல்இடி விளக்குகளில் இது பெரும்பாலும் 80 அளவில் இருக்கும். துணியின் நிறத்தைப் பொருத்திப் பார்க்க 90க்கு மேல் வேண்டும். அந்த 90இலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிஆர்ஐ என்பது வெளிறிய எட்டு நிறங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு அந்தக் கணக்கில் சேராது. வெள்ளை எல்இடிகளில் பெரும்பாலானவை நீல ஒளி தரும் சில்லின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசிச் செய்யப்படுபவை என்பதால், அவை தடுமாறுவதும் பெரும்பாலும் சிவப்பில்தான். மெரூனும் அரக்கும் அவற்றின் கீழ் மங்கிப்போய்ப் பழுப்பை நோக்கிச் சாய்வது இதனால்தான். ஆகவே அடர் சிவப்புக்கான மதிப்பெண்ணாகிய ஆர்9 என்ற தனி எண்ணும் பெட்டியில் குறிக்கப்பட்டிருந்தால், அது 50க்கு மேல் இருப்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

சிஆர்ஐ மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. பழைய இழை பல்புக்குச் சிஆர்ஐ ஏறக்குறைய 100. ஆனாலும் அதன் கீழ் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினமே. கெல்வினையும் சிஆர்ஐயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் அறையில் பொது வெளிச்சத்துக்கு 4000 கெல்வின் விளக்கும், துணி தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5000 கெல்வின் விளக்கும் வைத்திருக்கிறேன். அப்படியும் இரண்டு துணிகள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் வேறோர் ஒளியில் வெவ்வேறாகவும் தெரிவது உண்டு என்பதால், வெட்டுவதற்கு முன் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடுவதில்லை.

அடுத்தது, விளக்கு எங்கே இருக்கிறது என்பது. அறையின் நடுவே கூரையில் ஒரே விளக்கை வைத்துவிட்டுச் சுவரோரம் மெஷினைப் போட்டால், ஒளி நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, நம் தலையின் நிழல் சரியாக ஊசியின் மேல் விழும். எத்தனை வாட் ஏற்றினாலும் அந்த நிழல் போகாது. சுற்றியுள்ள இடம்தான் இன்னும் பளிச்சென்று ஆகும். கையால் தைக்கும்போது வலக்கைக்காரர்களுக்கு ஒளி இடப்புறத்திலிருந்தும், இடக்கைக்காரர்களுக்கு வலப்புறத்திலிருந்தும் வர வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. மெஷினில் அந்தக் கணக்கு செல்லாது. மெஷினின் தூண் ஊசிக்கு வலப்புறத்தில் நிற்பதால், எந்தக் கைக்காரரானாலும் விளக்கு இடப்பக்கத்தில் சற்று முன்தள்ளி இருப்பதே நல்லது. வளைத்துத் திருப்பக்கூடிய கழுத்துள்ள மேசைவிளக்கு இதற்கு ஏற்றது. தூரத்தின் கணக்கும் அதற்குச் சாதகமானது: ஒரே விளக்கு 2 மீட்டர் உயரத்திலிருந்து தருவதைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு வெளிச்சத்தை 40 சென்டிமீட்டரிலிருந்து தந்துவிடும்.

குயில்ட் தைப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் மேல்தையல் போடும்போது, நேர் மேலிருந்து விழும் ஒளியில் தையல்கோடு கண்ணுக்கே அகப்படாது. அதே விளக்கைத் தாழ இறக்கி, துணியை உரசிச் செல்வதுபோல் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தையலும் தன் பக்கத்தில் ஒரு சிறு நிழலைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். எங்கே நூல் தளர்ந்திருக்கிறது, எங்கே துணி சுருங்கியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு ஐரோப்பியப் பணியிட ஒளியமைப்புத் தரநிலை தையல் வேலைக்கு 750 லக்ஸும் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு), நிறம் சரிபார்ப்பதற்கு 1000 லக்ஸும் குறிப்பிடுகிறது. கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் அதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். வயதும் ஒரு காரணம். கண்பாவை சிறுத்து, கண்வில்லை மஞ்சளிப்பதால், 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று சொல்லும் பெரியவர்களின் மெஷினுக்குப் பக்கத்தில் நல்ல விளக்கு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கண்ணாடியைக் குறை சொல்லலாம். அதற்காக அறையை இருட்டாக்கி மேசைவிளக்கை மட்டும் எரிப்பதும் சரியன்று. நிமிரும்போதும் குனியும்போதும் கண் இருளுக்கும் ஒளிக்கும் மாறி மாறிப் பழகிச் சோர்ந்துவிடும்.

மலிவான சில எல்இடிகளில் ஒளி துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை. விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டினால் அது பல பென்சில்களாகத் துண்டுபட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஓடும் ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துச் செய்யும் வேலைக்கு அந்த விளக்கு வேண்டாம்.

ஜன்னலருகே மெஷினைப் போடுவது நல்லதே; துணி அலமாரியை மட்டும் நேர்வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், இல்லையேல் மடிப்பின் விளிம்பு மட்டும் வெளுத்துப்போகும். சுவருக்கு வெள்ளையோ வெளிர்சாம்பலோ போதும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியை விரித்தால் அதிலும் பச்சை ஏறும்.

விளக்குப் பெட்டிகள் பலவற்றில் வாட் பெரிய எழுத்திலும் லூமென் பொடி எழுத்திலும் இருக்க, சிஆர்ஐ அச்சிடப்படுவதே இல்லை. இனி விளக்குகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழ் வெளியிடும் அட்டவணைகளில், விலைக்கும் வாட்டுக்கும் அடுத்து அந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, குறிப்பிடாத நிறுவனங்களுக்கு நேரே அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் பழகிய வாசகி ஒருவர்