பெண்களுக்குத் தையல் மிஷின் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், ஹாலோ பிளாக் என்கிற சிமெண்ட் கல் தயாரிக்கும் யார்டு நடத்துகிறேன். கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர், "தையல், பியூட்டி பார்லர்னு ஏதாவது பாருங்களேம்மா, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு உடல்பலம் வேண்டும் என்கிறார்கள். கல்லை அழுத்துவது மிஷின். கட்டடத்தில் அதைத் தலையில் சுமக்கிற சித்தாள் பெண். அது யாருக்கும் உறுத்துவதில்லை. முந்திரி ஆலையில் உடைப்பதும் தோலுரிப்பதும் பெண்கள்தான். முதலாளி நாற்காலி என்றால்தான் பேச்சு வருகிறது.

நிஜமான சிக்கல் டீக்கடையில் இருக்கிறது. மேஸ்திரி, காண்டிராக்டர், டிப்பர்காரர் எல்லாரும் காலையில் அங்கே நின்றுதான் ஆர்டரை முடிவு செய்கிறார்கள். நான் போனால் பேச்சே நின்றுவிடும். கணவர் வளைகுடாவில் இருக்க, வீடு கட்டும் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்னிடம் நேரடியாக வாங்கத் தொடங்கிய பிறகுதான் தொழில் நிமிர்ந்தது.

அடுத்தது சொத்து. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த எங்கள் பகுதியில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கேரளத்துப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்றது. ஆனால் எங்கள் வீடுகளில் இன்றும் மகனுக்கு நிலம், மகளுக்கு நகை. நகையை அடகு வைத்தால் தையல் மிஷின் வாங்கலாம், யார்டு போட இடம் வேண்டுமே! பெண்கள் விரும்பித்தான் தையலுக்குப் போகிறார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று தொழிலைப் பிரிக்கிற தொல்லை ஆண்களுக்கும் உண்டு. மணப்பெண் அலங்காரம் படித்த எங்கள் உறவுக்காரப் பையன், ஊர்க் கேலி தாங்காமல் திருவனந்தபுரத்தில் கடை போட்டிருக்கிறான்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம் உண்டு, சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். சிறுதொழில் கடனுக்கு ஒரு வரம்பு வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் என்னிடம் முதலில் கேட்டது நிலப் பத்திரத்தைத்தான். குத்தகை ஒப்பந்தத்தைக் காட்டினால் முகம் மாறுகிறது. வங்கிகள் இதை மாற்ற வேண்டும். மகளிர் பயிற்சிகளில் வெல்டிங், பம்ப்செட் ரிப்பேர், பிளாக் தயாரிப்பையும் சேர்க்க வேண்டும். பயிற்சிக்கு இடம் இல்லை என்றால் என் யார்டைத் தருகிறேன். திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவட்டாறு