துண்டுச் சீட்டில் வாங்கிய கணினி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் ஐஸ் ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் நான், பிள்ளைகளின் படிப்புக்காகக் குறைந்த பணத்தில் உதிரிப் பாகங்களை வாங்கிக் கணினி அசெம்பிள் செய்ய நினைக்கும் எங்கள் கடலோரக் குடும்பங்களின் பொருட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று எந்த ஊரிலும் கணினி படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளைக் காணலாம். அவர்களின் பெற்றோரில் பலர், நான் செய்ததைப் போலவே, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஆலையில் வேலை குறைவதற்கு முன் வாங்கிவிட வேண்டும் என்று, சீட்டு எடுத்த பணத்தோடு வெளியூர்க் கடை ஒன்றுக்கு மகளை அழைத்துச் சென்றேன். ‘ஐ5 செட், எல்லாம் புதுசு’ என்று சொல்லித் திரையோடு சேர்த்து 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, வரி சேர்ந்தால் விலை கூடும் என்று சொல்லி, ‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தோடு இருக்கும் நானே அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்பியபோது விளக்குகள் ஒரு கணம் பளிச்சென்று எரிந்தன. கணினியிலிருந்து வெடிச் சத்தமும், பின்னாலேயே கருகிய வாடையும் வந்தன. பழுது பார்க்கும் தம்பி ஒருவர் மறுநாள் பெட்டியைத் திறந்து கணினிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். 500 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அந்தப் பெட்டி, கால் கிலோ வெல்லத்தைத் தூக்கியது போல இலேசாக இருந்தது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்ததை அவர் காட்டி, இரண்டையும் பெருக்கச் சொன்னார். 192 வாட்தான் வந்தது. இன்றைய கணினி தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அந்த 12 வோல்ட் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய எண் அதுதானே தவிர, மேலே ஒட்டிய பெரிய எண் அல்ல. அந்த மலிவுச் சாமான் தான் எரிந்ததோடு நில்லாமல், மற்றப் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. கடைக்குப் போன் செய்தபோது, அது தங்கள் கடையில் வாங்கிய பொருள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘ஐ5’ என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கணினியின் மூளையான பிராசசருக்கு இன்டெல் நிறுவனம் வைத்த வரிசைப் பெயர். எங்களுக்குக் கிடைத்தது ஐ5-3470. அதாவது 2012இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிராசசர். கழித்துக் கட்டிய அலுவலகக் கணினிகளிலிருந்து எடுத்த இத்தகைய பிராசசரை, 2011ஆம் ஆண்டின் எச்61 வகை மதர்போர்டோடு சேர்த்துப் புதுப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அந்த வகைப் போர்டுகளை அதிகம் பெயர் தெரியாத நிறுவனங்கள் இன்றும் புதிதாகச் செய்து அனுப்புகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்தப் பழைய பிராசசரும் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

2025 ஆனியில் படகுகள் மறுபடி கடலுக்குப் போனபின், என் மகளே காகிதத்தில் பட்டியல் போட்டு, பழைய திரையையும் கீபோர்டையும் வைத்துக்கொண்டு, 29,000 ரூபாய்க்குள் இரண்டாவது கணினியை அசெம்பிள் செய்தாள். திரையில் படம் காட்டுவதற்கான தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. கிராபிக்ஸ் உள்ளேயே அடங்கிய, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசரைத் தேர்ந்தெடுத்தாள். இன்டெலில் பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. சில நூறு ரூபாய் குறைகிறதே என்று அதை வாங்கி வந்து, திரையில் படம் வராமல் திகைத்து நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். உள்ளடங்கிய கிராபிக்ஸ் தன் வேலைக்குக் கணினியின் தற்காலிக நினைவகமான ராமையே பயன்படுத்துவதால், 16 ஜி.பி.யை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு குச்சிகளாகப் போட்டால் வேகம் நன்றாகவே கூடுகிறது. 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால், இப்போது வாங்குவோர் எட்டு ஜி.பி. ஒன்றை மட்டும் போட்டு, அதே வகையில் இன்னொன்றைப் பின்னர் சேர்க்கலாம். டி.டி.ஆர்.4 ராமும் டி.டி.ஆர்.5 ராமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பி450 போன்ற பழைய ஸ்டாக் மதர்போர்டு என்றால், போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸின் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறார்களா என்று கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்; இல்லையென்றால் இந்தப் பிராசசரோடு அது உயிர்பெறாமல் போகலாம்.

கண்ணாடி வைத்த, வண்ண விளக்கு எரியும் கேபினட்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும், மின்சாரம் போனால் சிறிது நேரம் பேட்டரியில் கணினியை ஓட்டும் 600 வி.ஏ. யு.பி.எஸ் ஒன்றுக்கும் திருப்பினோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்புறச் சுவிட்சு யு.பி.எஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் நொடியில் கணினி அணைந்துவிடக் கூடும். கேபினட்டைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று உணர்ந்தால், எர்த் சரியில்லை என்று கொண்டு எலக்ட்ரீசியனை அழைக்க வேண்டும். உப்புக் காற்றில் எர்த் கம்பி துருப்பிடித்து அற்றுப்போவது எங்கள் பகுதி வீடுகளில் சாதாரணம்.

உப்பைப் பற்றி, சென்னையிலோ மதுரையிலோ இருந்து ஆலோசனை சொல்பவர்கள் எங்களுக்குச் சொல்வதில்லை. எரிந்துபோன முதல் கணினியைத் திறந்தபோது, எட்டே மாதத்தில் திருகாணித் தலைகள் பழுப்புப் பொடியாக உதிர்ந்தன. மதர்போர்டில் செம்பு தெரிந்த ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத்தூள் நீரை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப் படலமாகிவிடுகிறது. எங்கள் கரையில் பல இரவுகள் அப்படிப்பட்டவைதான். ஆகவே காற்றாடிகளை அடுக்கிக் கடற்காற்றை உள்ளே இழுக்காமல், கழுவக்கூடிய வலை வைத்த கேபினட்டை வாங்கி, கொண்டல் காற்று அடிக்கும் சன்னலுக்கு எதிரில் இல்லாமல் உள்சுவரோரம், தரையில் படாமல் ஒரு முக்காலியின்மேல் வைத்திருக்கிறோம். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடும் கணினியின் உட்புறம் சூட்டினால் உலர்ந்திருக்கும். தேர்வு முடிந்ததும் துணி போர்த்திப் பல வாரம் மூடி வைப்பவர்கள் நன்மை என்று எண்ணிக் கெடுதலைச் செய்கிறார்கள்.

இனி நான் வேண்டுவது பில்லைப் பற்றியது. கணினிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்பதால், அதைத் தவிர்த்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லும்போது ஏழைக் குடும்பத்துக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் மூன்றாண்டு வாரண்டி உள்ள பிராசசர் பழுதானால் அந்த வாரண்டியைக் கேட்கும் உரிமைக்கு நம்மிடம் உள்ள சான்று அந்தக் காகிதம்தான். ஒவ்வொரு பாகத்தின் பெயரும், மாடல் எண்ணும், பெட்டியில் அச்சிட்ட சீரியல் எண்ணும் தனித்தனியே எழுதிய பில்லைக் கேட்டு வாங்கும்படி பெற்றோரையும், கேட்காமலே எழுதித் தரும்படி கடைக்காரர்களையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை என்பது எங்களைப் போன்ற கடைக்கோடி மக்களுக்குப் பெரிய ஆறுதல். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்ற சீட்டைக் காட்டி எதை நிறுவியிருக்க முடியும்?

வரும் கல்வியாண்டு தொடங்குமுன், பில்லில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஒரு மாதிரிப் பில்லோடு வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போக இங்கே பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஐஸ் ஆலைக் கணக்கர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.