பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் அம்மா நான். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் மகளுக்கு மத்தியானமானால் தலைவலி. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போனோம், கண்ணில் ஒன்றுமில்லை. அப்புறம் பொது மருத்துவரிடம் போனபோது நர்ஸ் பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினார், காற்று ஏற ஏற அது டர்ரென்று பிரிந்துகொண்டது. இரண்டு தடவை. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக 146 என்று காட்டியது. டாக்டர் வந்து, கை பருமனுக்குப் பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும் என்று சொல்லிப் பெரிய பட்டையை எடுத்துவரச் சொன்னார். காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பார்த்தால் 134/86. குறைந்தது, ஆனாலும் சரியில்லை. 13 வயதுக்கு மேல் 120/80-க்குள் இருக்க வேண்டும், 130/80-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும், ஆனால் ஒரே நாளில் முடிவுகட்டக் கூடாது என்றார். வேறு வேறு நாளில் இன்னும் இரண்டு முறை போனோம். இறங்கவில்லை. சிறுநீரகச் சோதனையில் கோளாறு எதுவும் இல்லை, எடைதான் காரணம் என்றார்.

பதினேழு வயதில் பிரஷரா என்று நானும்தான் கேட்டேன். டாக்டர் விளக்கினார்: உடம்பு பெருத்தால் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, இன்சுலின் ஏறுவதால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிற பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குப் பிரஷரும் சேர்ந்தே வரலாம். இப்போதே கவனிக்காமல் விட்டால் நாளைக்குப் பிரசவ சமயத்தில் சிக்கல். மாத்திரை எழுதவில்லை. ஊறுகாய், அப்பளம், சிப்ஸைக் குறை, நேரத்துக்குத் தூங்கு, தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடு என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறரைக்கு வீடு, இடையில் கேன்டீன் பஃப்ஸ். டைம்டேபிளில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் அச்சாகியிருக்கிறது, ஒன்றைக் கணக்கு எடுத்துக்கொள்கிறது, இன்னொன்றை வேதியியல். கிரவுண்டில் பையன்களாவது மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு பந்தை உதைக்கிறார்கள், பெண் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வயசுக்கு வந்த பிள்ளை ஓடக் கூடாது என்று வீட்டில் நாங்கள் ஆரம்பித்துவைத்ததுதான், மறுக்கவில்லை. 2016 நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கில், உலகம் முழுக்கப் பள்ளி வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை, பையன்களில் 78.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பள்ளியில் ஜூலையில் உயரமும் எடையும் பார்த்தார்கள். மொத்த வகுப்பும் நிற்க, ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதினார். என் மகளின் முறையில் “எழுபத்தெட்டு” என்றதும் பின்னால் சிரிப்பு. அன்றிலிருந்து இரண்டு வாரம் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது, சாயங்காலம் பசி தாங்காமல் இரண்டு பாக்கெட் நூடுல்ஸ். இதற்குப் பெயர் உடல்நலப் பரிசோதனையா? பிரஷரை யாரும் பார்க்கவேயில்லை.

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்று 2013-லிருந்தே 18 வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு அரசின் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, அந்த மருத்துவக் குழு வரும்போது பிரஷரும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு திரை கட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எண்ணை அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் மட்டும் சொல்லுங்கள். பி.டி. பீரியடில் பாடம் நடத்தாதீர்கள், பெண்களுக்கும் ஒரு பந்தைக் கொடுங்கள்.

எங்கள் பள்ளிக்குப் பெரிய பட்டை ஒன்று நானே வாங்கித் தந்துவிடுகிறேன். எந்தக் கிழமையில் நிஜமாகவே பி.டி. இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், அவளுடைய ஷூ பத்தாம் வகுப்பில் வாங்கியது, புதிதாக எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் டூ மாணவியின் அம்மா