ரிமாண்ட் மேசையில் நிற்க வேண்டிய தீர்ப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாக்கப் மரணச் செய்தி வரும்போதெல்லாம் புதிய சட்டம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. டி.கே. பாசு எதிர் மேற்கு வங்க அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று பிறப்பித்த 11 கட்டளைகளை மாஜிஸ்திரேட்டுகள் ரிமாண்டின்போது (கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடும்போது) கறாராகக் கேட்டு வாங்கினாலே பெரும்பகுதி முறைகேடு வெளிப்பட்டுவிடும் என்பது என் கருத்து.

சட்ட உதவி அமைப்பொன்றின் செயல் தலைவராக இருந்த பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே அந்த வழக்கு. அதன் தீர்ப்பின்படி, கைது நடக்கும்போதே நேரமும் தேதியும் குறித்து, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட, கைதானவரும் ஒப்பமிடும் அரெஸ்ட் மெமோ தயாராக வேண்டும். அவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களைப் பதிந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவரிடமே தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். வெளியூர் உறவினருக்குத் தந்தி கொடுக்கவும் சொல்கிறது தீர்ப்பு. (தந்திச் சேவை 2013-இல் முடிந்துவிட்டது, தகவல் சொல்லும் கடமை முடியவில்லை.) இந்த ஆவணங்கள் அனைத்தின் நகலும் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

நடைமுறையில், “சும்மா விசாரிக்கத்தான்” என்று முதல்நாள் மாலை அழைத்துச் செல்லப்பட்டவர், மறுநாள் காலை பேருந்து நிலையத்தருகே கைதானதாக மெமோ பேசுகிறது. அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு, கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த விதிக்கும் 24 மணி நேரக் கெடு அந்தப் பொய் நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. சாட்சி யார், வீட்டாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று மாஜிஸ்திரேட் இரண்டு கேள்வி கேட்டால் இது நிற்காது.

கேமராவை மட்டும் நம்புவதற்கில்லை. 2020 ஜூனில் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்த சாத்தான்குளம் வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட்டே அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் பதிவை மனுப் போட்டு, காத்திருந்து பெற வேண்டும்; மெமோவோ மறுநாளே நீதிமன்ற மேசைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே, மெமோவையும் காயக் குறிப்பையும் தாம் சரிபார்த்ததையும், கைதானவரிடம் நேரில் கேட்டறிந்ததையும் ரிமாண்ட் உத்தரவிலேயே மாஜிஸ்திரேட் எழுதுவதை உயர் நீதிமன்றம் கட்டாயமாக்க வேண்டும். இந்தக் கட்டளைகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டவும் அத்தீர்ப்பு பணித்தது. வட்டார மொழியில் துண்டுப் பிரசுரமாக வழங்கினால் பயன் தரும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். தங்கள் நாளிதழின் மாவட்டப் பதிப்புகளில், அந்தந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண்ணுடன் 11 கட்டளைகளையும் முழுமையாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி