அடுத்தவர் கணினியின் எல்பிஜே எண் நமக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியையும் ராஸ்பெரி பை பலகையையும் விரைவாக பூட் செய்வதற்குத் தங்கள் தொழில்நுட்பப் பக்கம் தந்த குறிப்புகளில் ஒன்று மட்டும் எச்சரிக்கை இல்லாமல் வந்துவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பூட் ஆகும்போது தரும் கட்டளை வரியில் எல்பிஜே (lpj) மதிப்பை எழுதிவிட்டால், பிராசசரின் ஒவ்வொரு கோருக்கும் நடக்கும் தாமத அளவீட்டைத் தவிர்க்கலாம் என்பது அது. தவிர்க்கலாம்தான். ஆனால் உதாரணத்துக்குக் கொடுத்த 9,600,000 என்ற எண்ணைச் சிலர் அப்படியே தட்டச்சு செய்வார்கள், வம்பு அங்கேதான்.

சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்கள் சில மைக்ரோ விநாடிகள் காத்திருக்க வேண்டிய இடத்தில் பிராசசர் சும்மா ஒரு லூப்பில் சுற்றும், அல்லது ஒரு கவுண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கெர்னலின் டைமர் துடிப்பான ஒரு டிக்குக்குள் எத்தனை சுற்று, அல்லது கவுண்டரில் எத்தனை எண்ணிக்கை என்பதே எல்பிஜே. விநாடிக்கு 250 டிக் வைத்துக் கட்டிய கெர்னலில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது 9,600,000. 1000 டிக் வைத்துக் கட்டியதில் அதே பிராசசருக்கு 2,400,000. எண் பெரிதாகிவிட்டால் தாமதங்கள் நீளும், அவ்வளவே. சிறிதாகிவிட்டால்தான் ஆபத்து: ரீசெட் ஆன சிப் தயாராகும் முன்பே டிரைவர் அதனுடன் பேசத் தொடங்கிவிடும். டிஸ்க்கிலும் நெட்வொர்க் கார்டிலும் பிழைகள் வரும், அதுவும் சில பூட்களில் மட்டும். காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

ராஸ்பெரி பை 4இல் தாமதத்துக்கு அடிப்படை கோரின் வேகம் அல்ல, 54 மெகாஹெர்ட்ஸ் டைமர். 250 டிக் கெர்னலில் எல்பிஜே 216,000 மட்டுமே. அங்கே 9,600,000 போட்டால் தாமதங்கள் 44 மடங்குக்கு மேல் நீளும். வேகத்துக்காகச் செய்த வேலை! பூட் பதிவில் அந்தப் பலகை காட்டும் போகோமிப்ஸ் (BogoMIPS) என்ற எண் 108 என்பதும், மேசைக் கணினியின் 4800 என்பதும் இதே கணக்கின் இன்னொரு வடிவம். சிம் லிம் டவரில் பலகை வாங்கப் போகும் மாணவர்கள் அதை வைத்து வேகத்தை ஒப்பிட வேண்டாம்.

சரி, மிச்சமாகும் நேரம் எவ்வளவு? சுற்றி அளக்கும் பழைய முறையில் ஒரு கோருக்கு 250 மில்லி விநாடி வரை போகலாம். 64 கோர் என்றால் 16 விநாடி. இப்போதைய இன்டெல், ஏஎம்டி கணினிகளிலோ கெர்னல், பிராசசருக்குள் இருக்கும் டிஎஸ்சி (TSC) கவுண்டரின் அதிர்வெண்ணை ஒருமுறை கண்டுபிடித்து, எல்பிஜேயை வகுத்து எடுத்துக்கொள்கிறது. கெர்னலின் டிமெசேஜ் (dmesg) பதிவில் தாமத அளவீட்டு வரியில் 'ஸ்கிப்டு' (skipped) என்று இருந்தால் மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. கோர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவதில்தான் நேரம் போய்க்கொண்டிருந்தது. கோரை எழுப்ப அனுப்பும் இனிட் (INIT) சமிக்ஞைக்குப் பின் 10 மில்லி விநாடி காத்திருப்பது பழைய வழக்கம். புதிய பிராசசர்களுக்கு அதைக் கெர்னலே விட்டுவிட்டது. 2023இல் வந்த கெர்னல் 6.5 பதிப்பிலிருந்து எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கோர்களை இணையாகவும் எழுப்ப முடிகிறது.

எல்பிஜே இன்றும் உதவுவது, டைமர் வழித் தாமதம் இல்லாத பழைய ஆர்ம் (ARM) பிராசசர் பலகைகளில். அங்கேயும் கொடுத்த ஒரே எண்ணை எல்லாக் கோர்களுக்கும் கெர்னல் பயன்படுத்திவிடும் என்பதால், பெரிய கோரும் சிறிய கோரும் கலந்த சிப்பில் தொடவே கூடாது. மற்றவற்றில், அதே கெர்னலைத் தானியங்கி அளவீட்டுடன் சில முறை பூட் செய்து, பதிவில் வரும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதலாம். மெய்நிகர் கணினியில் அளந்த எண்ணை நம்பக் கூடாது. அதைத் தாங்கும் நிஜக் கணினி (ஹோஸ்ட்) நடுவில் பிராசசரைப் பிடுங்கிக்கொண்டால் சுற்று குறைந்து, எண் சிறிதாகப் பதிவாகும். கெர்னலை மாற்றும்போது எல்பிஜேயை நீக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

பூட் அந்த அளவீட்டு வரியிலேயே உறைந்து நின்றால் எல்பிஜே மருந்தல்ல. டைமர் பிராசசருக்குத் தரும் சமிக்ஞையான இன்டரப்ட் வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். எண்ணைக் கொடுத்தால் அந்த வரியைத் தாண்டி இன்னோர் இடத்தில் நிற்கும். பலகையின் வன்பொருள் விவரம் அடங்கிய டிவைஸ் ட்ரீயில் டைமரின் இன்டரப்ட் எண்ணைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

இப்படிக்கு,
உட்பொதி அமைப்புப் பொறியாளர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்