கையெழுத்துப் போடத் தயங்கியது நான்தான்

ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவில் நடக்கும் இழுத்தடிப்பு பற்றிய செய்தியைப் படித்தேன். பழி முழுவதையும் அதிகாரிகள் தலையில் போட்டிருந்தீர்கள். சிறு ஒப்பந்ததாரனான என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவு செய்ய, முந்தைய ஓராண்டில் 90 நாளாவது கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். போன மாதம் ஒரு சித்தாள், கலவை காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்த வேலை நாட்களுக்கு நான் கையெழுத்திட வேண்டிய சான்றுப் படிவத்தை நீட்டினார். என்னிடம் 11 வருடமாக வேலை பார்ப்பவர். "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றேன். கையெழுத்திட்டால் அவர் என் ஆள் என்று எழுத்தில் ஆகிவிடும். நாளை சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு கேட்டு என்னிடம் வருவார்கள். அந்தக் கணக்குதான். ஒரு வாரம் கழித்துத் தொழிலாளர் சங்கத்துக்காரர் வந்து, டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்.

இத்தனைக்கும் வரைபட அனுமதியின்போதே கட்டட மதிப்பில் 1 சதவீதம் நலநிதியாகக் கட்டிவிடுகிறோம். பணத்தைக் கட்டிவிட்டு, அதற்குரிய ஆளை மட்டும் யாரோ என்கிறோம்! 1994-இல் அமைந்த நம் வாரியத்தில் அரசு, தொழிலாளர், வேலையளிப்போர் என மூன்று தரப்புக்கும் இடம் உண்டு. எங்கள் தரப்பு அங்கே என்ன பேசியது என்று எந்த ஒப்பந்ததாரர் கூட்டத்திலும் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் சங்கம் உள்ள கட்டட வேலைகளில், மணிக்கு இவ்வளவு என்று முதலாளிகள் பயிற்சி நிதிக்குக் கட்டுகிறார்கள். அத்தகைய நிதிகளின் நிர்வாகத்தில் இரு தரப்புக்கும் சம இடம் வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். (அதே சட்டம் சங்கங்களின் கையை வேறு வகைகளில் கட்டியது, அது தனிக் கதை.) கூலிக்காக மல்லுக்கு நிற்பவர்களே பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்து நடத்துகிறார்கள்.

நல்ல கொத்தனார் கிடைப்பதில்லை என்று புலம்பாத ஒப்பந்ததாரர் இங்கே யார்? அந்த 11 வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பெண்ணின் கையில் நான் கரணையைக் கொடுத்ததில்லை. வேலைத் தளத்திலேயே, அன்றைய கூலி குறையாமல், சித்தாள்களுக்குக் கொத்து வேலை பழக்க நலநிதியிலிருந்து ஒதுக்கும்படி சங்கமும் நாங்களும் ஒரே மனுவில் கேட்கலாமே!

இதைச் சங்கத்துக்காரரிடம் சொன்னேன். "உங்களோடு உட்கார்ந்தால் என் ஆட்களே என்னைச் சந்தேகப்படுவார்கள். முதலில் மிச்சப் படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். ஆறு படிவங்கள் இருந்தன. நேற்று போட்டுக் கொடுத்துவிட்டேன். மனு எழுத ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கட்டட ஒப்பந்ததாரர்,
மதுரை.