கோரைக்கிழங்கும் என் எலிகளும்

பாஸ்டன்
நவம்பர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. குறுவை அறுப்பு முடிந்ததா? கோரையோடு மல்லுக்கட்டிய கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் "மேலே பிடுங்கி என்ன பிரயோசனம், கிழங்கு உள்ளே கிடக்கிறது" என்ற வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

வரும் ஜூனில் எனக்கு ஓய்வு. "இத்தனை வருஷமும் அதே எலிதானா?" என்று கேட்டிருந்தாய். அதேதான். கேராஸ் என்ற மரபணுவை எலியின் நுரையீரலில் கெடுத்துப் புற்றுநோய் வளரவிடும் முறையை புற்றுநோய் ஆய்வாளர் டைலர் ஜாக்ஸின் குழு 2001இல் வெளியிட்டது. கூடவே பி53 என்ற காவல் மரபணுவையும் எடுத்துவிட்டால் நோய் வேறு உறுப்புகளுக்கும் தாவும். அந்தத் தாவல்தான் என் பிழைப்பு.

எலியின் கல்லீரலைச் சன்னமாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்போம். முழுக்க இளஞ்சிவப்பு. ஒரு மூலையில் மட்டும் கசகசாவைவிடச் சிறிதாக ஊதா நிறப் பொட்டு ஒன்று. அது கல்லீரல் அல்ல, நுரையீரலிலிருந்து வந்து குடியேறியது. முதல் தடவை பார்த்தபோது கத்திக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினேன்.

ரத்தத்தில் இறங்கும் புற்றுசெல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. தேறுகிறவை எப்படிப்பட்டவை என்பதற்கு 2011இல் ஒரு விடை வந்தது: என்கேஎக்ஸ்2-1 என்ற மரபணு அடங்கிப்போனால் செல்லுக்குத் தான் நுரையீரல் என்பதே மறந்துவிடுகிறது. ஊர் மறந்தவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். (என்னைச் சொல்லவில்லை!)

சரி, அக்கா விஷயம். பீடி நாற்றமே ஆகாதவளுக்கு நுரையீரல் புற்று எப்படி வந்தது என்று அன்றைக்குக் கேட்டாய். "செல் பிரியும்போது நடக்கும் பிழை, நம் கெட்ட நேரம்" என்று ஏதோ சொல்லிவிட்டு ரயிலேறினேன். பாதிதான் சரி.

லண்டனில் புற்றுநோய் ஆய்வாளர் சார்லஸ் ஸ்வான்டனின் குழு 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் துணுக்குகளைச் சோதித்ததில், 18 சதவீதத்தில் புற்றை உண்டாக்கவல்ல ஈஜிஎஃப்ஆர் மரபணுக் கோளாறு இருந்தது. நோய் இல்லை, கோளாறு மட்டும். காற்றிலுள்ள பிஎம் 2.5 நுண்தூசி உள்ளே போனதும் நோயை எதிர்க்கும் காவல் செல்கள் கொதித்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சியைக் கிளப்பும் புரதத்தைச் சுரக்கின்றன. கோளாறோடு தூங்கிக் கிடந்த செல் விழித்துக்கொள்கிறது. தூசி புதிதாக விதைக்க வேண்டியதில்லை, கிடந்த கிழங்குக்குத் தண்ணீர் விட்டால் போதும்.

அந்த ஆய்வு வெளிக்காற்றைப் பற்றியது. விறகடுப்பைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் அடுப்படியின் கரிபிடித்த சுவரும், ஊதுகுழலோடு குனிந்திருந்த அக்காவும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

உன் ஆராய்ச்சியால் யாராவது பிழைத்தார்களா என்றும் கேட்டிருந்தாய். நேரடியாக ஒருவரும் இல்லை. கேராஸ் கோளாறு தெரியவந்தது 1980களின் தொடக்கத்தில். அதில் ஒரு வகையை அடக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021இல். அதுவும் பலருக்குச் சில மாதங்கள்தான் பலன் கொடுக்கிறது. நடுவிலுள்ள நாற்பது வருஷத்தில் என்னைப் போல எத்தனையோ பேரின் தகடுகள் கிடக்கின்றன.

பொங்கலுக்கு முன்னால் வருகிறேன். மன்னார்குடிக்கு வண்டி அனுப்பாதே, மினி பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு